கமிஷன் ஆயில் மாற்றுகிறார்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, கடைப்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "எதுக்கும் இன்னும் ஒருத்தரைக் கேட்டுடுவோம்" என்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. விசாரிப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடை வாங்கக் கிளம்பி, மழைக்காலம் ஓய்ந்த பிறகு வெறுங்கையோடு திரும்புவார். நல்ல பல் மருத்துவர் யார் என்று ஊரெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் வலித்த பல் தானாகவே கழன்று விழுந்துவிடும். "பார்த்தியா, அவசரப்பட்டிருந்தா வீணா ஒரு ஊசி போட்டிருப்பான்" என்று அதையும் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்வார். இவரைக் கஞ்சர் என்று நினைத்தால் தப்பு. சோம்பேறி என்றால் அதைவிடத் தப்பு. நம் எல்லோரையும்விட அதிகமாக உழைக்கிறவர் இவர்தான். என்ன, அந்த உழைப்பு முழுவதும் வேலை தொடங்குவதற்கு முன்பாகவே தீர்ந்துபோய்விடும்.

நாம் பார்க்கப்போகிறவருக்கு அவருடைய மச்சினன் வைத்த பெயர் 'விசாரணைக் கமிஷன்'. நாளடைவில் முன்பாதி தேய்ந்துபோய் வெறும் கமிஷன் ஆகிவிட்டது. இதில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. அவர் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண், எல்லோரும் "கமிஷன் வரட்டும்", "கமிஷனைக் கேட்டியா?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு, இங்கே ஏதோ கைமாறுகிறது என்று பயந்து, வந்த வாரமே வேலையை விட்டுவிடப் பார்த்தாள்.

கடையில் கமிஷனுக்குக் கண் பரிசோதனை செய்கிற வேலை. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையை மாட்டி "இது தெளிவா?" என்பார். அடுத்ததை மாட்டி "இல்ல, இது தெளிவா?" என்பார். வந்தவர், ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, முதல்லது கொஞ்சம் பரவாயில்ல, இல்லை ரெண்டாவது, எதுக்கும் முதல்லதை இன்னொரு தடவை காட்டுங்களேன் என்று இழுத்தால் கமிஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும். மனசில் பட்டதைச் சட்டென்று சொல்லுங்கள், யோசித்தால் கண் குழம்பிவிடும் என்று அதட்டுவார். வெளியே கல்லாவில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள்.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். கையைக் கட்டினோமா, நரம்பைத் தொட்டுப் பார்த்தோமா, குத்தினோமா என்று இருக்கிற வேலை. குத்துவதற்கு முன் நாலு பேரைக் கலந்துகொண்டால் நரம்பும் நழுவிவிடும், ஆளும் நழுவிவிடுவார். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பெண் வீட்டில் அவசரப்படுத்தினார்கள். மாப்பிள்ளை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் முடிந்துவிட்டது.

இவர்களுக்கு ஒரு கார் இருந்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, அதற்கு மேலும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருந்த கார். காலையில் கிளப்பினால் கொஞ்ச நேரம் கடகடவென்று தொண்டையைச் செருமும், அப்புறம் சரியாகிவிடும். நிற்கிற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவைக்கும். இந்த வயதில் நமக்கும்தான் காலையில் எழுந்தால் முட்டி சத்தம் போடுகிறது, அதற்காக யாரும் நம்மைப் பிரித்துப் பார்க்கிறார்களா என்பது அந்த அம்மாளின் கட்சி.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. வெளியூரில் இருக்கும் ஒரே மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது. அரை நாளில் போய்விடுகிற தூரம்தான். ஆனால் பஸ்ஸை நம்ப முடியாது, ரயில் நேரம் ஒத்துவராது. எப்போது போன் வந்தாலும் காரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆயில் மாற்றி ரொம்ப நாளாகிறது, அதை முடித்துவிடுங்கள் என்று மனைவி சொன்னார். இந்த வாரமே மாற்றிவிடலாம் என்று கமிஷனும் மனதாரச் சொன்னார். எந்த வாரம் என்று அந்த அம்மாள் கேட்டிருக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு," என்றார் கமிஷன். "இது ஓடித் தேஞ்ச எஞ்சின். கண்டதை ஊத்த முடியாது. கேட்டுட்டு ஊத்துவோம்."

முதலில் வழக்கமான மெக்கானிக்கைக் கேட்டார். வண்டிக்கு வயசாச்சு, உள்ளே எல்லாம் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கும், தண்ணி மாதிரி ஊற்றினால் நிற்காது, கெட்டியான ஆயிலாகப் போடுங்கள் என்றார் அவர். கமிஷனுக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதாலேயே இன்னொருவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதிர்ச்சாரியில் இருந்த மெக்கானிக், கெட்டி ஆயில் போட்டால் காலையில் அது எழுந்து மேலே ஏறுவதற்குள் எஞ்சின் வறண்டு தேய்ந்துவிடும், லேசானதுதான் சரி என்றார். இதுவும் நியாயமாகப் பட்டது. கெட்டி என்று சொன்ன ஆளைக் கெட்ட வார்த்தையில் வேறு திட்டினார். அதுவும் ஓரளவுக்கு நியாயமாகத்தான் பட்டது.

மாடி வீட்டில் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். கமிஷன் அவரிடம் போனார். கப்பல் எஞ்சின் ஆயில் குடிப்பதெல்லாம் டன் கணக்கில் என்று ஆரம்பித்து, நடுக்கடலில் எஞ்சின் நின்று போனது, அலை தளத்துக்கு மேலே ஏறியது, கேப்டன் அழுதது, இவர் மட்டும் அழாமல் இருந்தது என்று போய், வீட்டம்மாள் இரண்டாவது முறை காபி கொண்டுவந்த பிறகு, சின்ன எஞ்சின் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கப்பல்காரர் ஒத்துக்கொண்டார். பெட்ரோல் பங்கில் நிற்பவர் சிவப்புக் கேன் என்றார். கண்ணாடி மாற்ற வந்த டாக்சிக்காரர், கமிஷனின் காரைவிட இரண்டு பங்கு ஓடிய வண்டியை வைத்திருப்பவர், கடைக்காரர் எதை நீட்டுகிறாரோ அதை ஊற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன் என்றார். பொறுப்பில்லாத சாட்சி என்று கமிஷன் அதைத் தள்ளுபடி செய்தார்.

பிறகு படிக்க ஆரம்பித்தார். இங்கேதான் நிலைமை கைமீறியது. கேன் மேல் இருக்கும் முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எப்படி நிற்கும் என்பதற்கு என்று தெரிந்துகொண்டு, சாப்பாட்டு மேஜையில் ஒரு டம்ளர் மோரையும் ஒரு கரண்டி தயிரையும் வைத்து மனைவிக்கு விளக்கினார். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, அப்போ மாத்தியாச்சா என்றார். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்றார் கமிஷன்.

மண்ணிலிருந்து எடுத்த சாதா எண்ணெயா, ஆலையில் தயாரித்த சிந்தெடிக்கா, இரண்டையும் கலந்ததா? நிறைய ஓடிய வண்டிகளுக்கென்றே ஒரு வகை உண்டாம், காய்ந்து போன ரப்பர் வளையங்களை ஊறவைத்து ஒழுக்கை நிறுத்துமாம். அதை வாங்கலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார். அப்போது ஒரு வீடியோவில் ஒருவர், பழைய எஞ்சினில் உயர்ந்த ஆயில் ஊற்றினால் அது உள்ளே படிந்த அழுக்கையெல்லாம் கழுவிவிடும், அந்த அழுக்குதான் இத்தனை நாளும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது என்றார். கமிஷன் ஆடிப்போனார். வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பதே அழுக்குதான் என்றால் மனிதன் எதை நம்பி வாழ்வது?

ஒரு நாள், வண்டிக்காரர்கள் கேள்வி கேட்கும் இணையதளம் ஒன்றில் தேடிக்கொண்டிருந்தவருக்கு இன்ப அதிர்ச்சி. அதே மாடல் கார், அதே கடகட சத்தம், அதே ஒரு சொட்டு ஒழுக்கு. யாரோ புண்ணியவான் எல்லாவற்றையும் வரிசையாக, தெளிவாக, பண்பாக எழுதிக் கேட்டிருந்தார். இப்படி நிதானமாக யோசிக்கிற ஆள் இன்னமும் உலகத்தில் இருக்கிறாரே என்று கண் கலங்கிப் படித்துக்கொண்டு வந்தவர், கடைசியில் எழுதியவர் பெயரைப் பார்த்தார். அவரேதான். போன தடவை ஆயில் மாற்றுவதற்கு முன்னால் கேட்டது. கீழே ஒரே ஒரு பதில் இருந்தது: 'எனக்கும் இதே சந்தேகம். தெரிந்தால் சொல்லவும்.'

இதற்கிடையே தினமும் காலையில் ஒரு சடங்கு. பானெட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலில் தேய்த்து, மோந்து பார்ப்பார். கருப்பு. நேற்றும் கருப்பு. இன்னும் தாங்கும் என்று ஒரு பெருமூச்சோடு குச்சியைச் செருகிவிட்டுக் கடைக்குக் கிளம்புவார். வீட்டில் தலையணை உறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

தலையணை உறை தீர்ந்து, தன்னுடைய துண்டில் கருப்புக் கறையைப் பார்த்த அன்று அந்த அம்மாளுக்குப் பொறுமை முடிந்தது. மகளோ போனில், வயிறு இறங்கிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அன்று காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவர், திரும்பி வரும்போது வழியில் பார்த்த ஒரு பட்டறையில் நிறுத்தினார். எந்த ஆயில் என்று கேட்டார்கள். நல்லதாக ஒன்று ஊற்றுங்கள், ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள் என்றார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எந்த ஆயில் என்பார். எதைச் சொன்னாலும் அது சரிதானா என்று முதலிலிருந்து கிளம்புவார். பிறந்த குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் காலைச் சடங்கை அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் குச்சியை உருவிய கமிஷன் அப்படியே நின்றார். தேன் நிறம். பளபளவென்று, வெளிச்சம் ஊடுருவுகிற தேன் நிறம். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். மறுபடியும் தேன். சாதாரண மனிதனாக இருந்தால் என்ன நினைத்திருப்பான்? வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் இருப்பதை நினைத்திருப்பான். விசாரிப்பாளரின் மூளை அவ்வளவு கிட்டத்தில் தேடாது.

நேற்று வரை கருப்பாக இருந்த ஆயில் இன்று வெளுத்திருக்கிறது என்று இரண்டு மெக்கானிக்குகளுக்கும் போன் போட்டார். ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது என்றார் கெட்டிக்காரர். அதேதான், வண்டியை நகர்த்தவே கூடாது, எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் லேசுக்காரர். இத்தனை நாளில் இருவரும் ஒத்துப்போனது இதில்தான். இரண்டு பேரும் குச்சியைக் கண்ணால் பார்க்கவில்லை. கப்பல்காரர் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். இது நல்ல ஆயில் மாதிரி இருக்கிறதே என்று ஏதோ சொல்ல வந்தார். கப்பல் வேறு கார் வேறு என்று கமிஷன் அவர் வாயை அடைத்துவிட்டார்.

சமையலறையில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, எஞ்சினைப் பிரிக்கிறது என்றதும் ஒரு கணம் பதறிப்போய்ச் சொல்லிவிட வந்தார். பிறகு, பிரிக்கலாமா வேண்டாமா என்று இந்த மனிதர் முடிவு செய்வதற்குள் பேரப்பிள்ளை கல்லூரிக்கே போய்விடும் என்று தோன்றவே, திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்தார். வண்டியை யாரும் தொடக் கூடாது என்று அன்று மாலை தீர்ப்பு வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து கை கழுவும் நேரத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், அவள் அம்மா அம்மா என்கிறாள்.

கமிஷன் உடனே இயங்கினார். இயங்கினார் என்றால், மூன்று டாக்சிக் கம்பெனிகளின் எண்களைத் தேடினார். எந்தக் கம்பெனியின் டிரைவர்கள் நிதானமாக ஓட்டுவார்கள் என்று மச்சினனுக்குப் போன் போட்டார். மச்சினன், "மாமா, போனை வெச்சுட்டுக் கிளம்புங்க முதல்ல" என்றான். எதில் கிளம்புவது என்பதுதானே கேள்வி என்றார் இவர். அதற்குள் பை, பால்புட்டி, பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகள் எல்லாவற்றையும் பின் சீட்டில் போட்டுவிட்டு அந்த அம்மாள் காரைக் கிளப்பியிருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்த கமிஷன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றார்.

"ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு. நடுவழியில நின்னா குழந்தை முகத்தைப் பார்க்க முடியாது. இறங்கு."

"கலக்கல. நான்தான் போய் மாத்திட்டு வந்தேன். ஏறுங்க."

கமிஷனின் கைகள் விரித்தது விரித்தபடியே இருந்தன. அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது. அவை இரண்டையும் தள்ளிக்கொண்டு, நீங்கள் எதிர்பார்த்தது வந்தது.

"எந்த ஆயில்?"

"தெரியாது."

கமிஷன் ஏறிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டியது. அப்புறம் கேன் என்ன நிறம் என்று கேட்டார். பார்க்கவில்லை என்று பதில் வந்தது. கேன் மேல் ஏதாவது படம்? இருந்தது. என்ன படம்? வண்டிப் படம். ஊற்றும்போது கெட்டியாக விழுந்ததா, நூல் மாதிரி விழுந்ததா? போனில் பேசிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. ஆயில் ஊற்றும்போது பார்க்காமல் போனில் பேசுகிற ஒரு பெண்ணோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று கமிஷன் ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்தார். எஞ்சின் சத்தத்தில் ஏதாவது குறை தெரிகிறதா என்று காதைக் கொடுத்தார். சனியன், குறையே இல்லை. மேடு ஏறும்போது வேகத்தைக் குறைக்கச் சொன்னார். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தார். ஓரமாக நிறுத்தினால் குச்சியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். லாரி ஒன்றைத் தாண்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், தாண்டி முடித்து, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. ஆயில்னு சொல்லாதீங்க."

கமிஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். இந்த மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் தண்ணீர்த் தொட்டிக்கு எந்தக் குழாய் நல்லது என்று மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு நினைவு வந்தது. அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அன்று காதில் விழவில்லை.

"பயமாத்தான் இருக்கு," என்றார்.

"எனக்கும்தான்," என்றார் மனைவி. கியரில் இருந்த கையை எடுத்து அவர் முழங்கால் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையைத் திரும்ப வைத்துக்கொண்டார். கமிஷன் தொண்டையைச் செருமினார்.

"ஆனா ஆயில் விஷயமும் முக்கியம்தான்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்து, இவர் பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பெண். தாயும் சேயும் நலம். துணியில் சுற்றி நர்ஸ் நீட்டியதைக் கமிஷன் வாங்கிக்கொண்டார். எடை எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் பிரசவம் பார்த்தது, அவர் எப்படிப்பட்ட டாக்டர் என்று ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் திரும்ப வாங்க வந்தபோது கொடுக்கவுமில்லை. கட்டிலில் படுத்திருந்த மகள் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வளர்ந்த பெண் அல்லவா? யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் முந்திக்கொண்டாள்.

"பேர் முடிவு பண்ணியாச்சுப்பா."

ஊருக்குத் திரும்பிய கமிஷன் இப்போது இந்தக் கதையைக் கடையில், பஸ் நிறுத்தத்தில், இருட்டறையில் கண்ணைக் காட்ட உட்கார்ந்தவரிடம் என்று எல்லோரிடமும் சொல்கிறார். பழைய வண்டிதான் சார், ஆனால் கடைசியில் நாங்கள் ஒரு ஆயில் போட்டோம் பாருங்கள், கடகட சத்தம் பாதி குறைந்துவிட்டது, சும்மா பறந்துகொண்டு போனது என்கிறார். கேட்கிறவர் ஆவலாகி, என்ன ஆயில் என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி, "அதைத்தான் விசாரிச்சுட்டு இருக்கேன்" என்கிறார். அந்தப் பட்டறைக்கும் போய்ப் பார்த்தார். அன்றைக்குக் கடையில் எது இருந்ததோ அதுதான், யாருக்கு நினைவிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கமிஷன் விடவில்லை. அந்த வாரம் அவர்களுக்குச் சரக்கு இறக்கியவர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை ஆயில் மாற்ற வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாளும் பட்டறைக்குப் போகிற வழியை மறக்கவில்லை.

இவரைப் பார்த்து நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் மனதில் கைவைத்துச் சொல்லுங்கள். குழந்தை பிறந்தாயிற்று, வண்டியும் ஓடுகிறது, கதையும் முடிந்துவிட்டது. இருந்தாலும், அது கெட்டி ஆயிலா, லேசான ஆயிலா, கேன் என்ன நிறம் என்று உள்ளே ஒரு சின்ன நமைச்சல் இருக்கிறதா இல்லையா? இன்னும் நாலு வரி இருக்கிறதே, அதில் சொல்லிவிடுவார்கள் என்றுதானே இந்த இடம் வரைக்கும் வந்தீர்கள்? வாருங்கள், இப்படி உட்காருங்கள். கமிஷனுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.